பெரியப்பா ஸ்டிக்கரை கிழிச்சுட்டாரு

குழு: ஆச்சி வீட்டு சொந்தங்கள்
26 ஜூலை 2025, சனி

காலை 9:40

செல்வி மதினி: எல்லாருக்கும் வணக்கம். மாமா காலைல கடை திறந்த உடனே கியூஆர் ஸ்டிக்கர் எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டாக. சவுண்ட் பாக்ஸையும் பிளக்க புடுங்கி அரிசி மூட்டைக்கு பின்னால வச்சிட்டாக. இன்னைக்கு சனிக்கிழமை, தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம். சாயங்காலம் எப்படி சமாளிக்க. யாராவது பேசுங்க

ராஜா: என்னாச்சு மதினி

செல்வி மதினி: நேத்து நைட்டு வந்த பார்வேர்டு

திருப்பூர் சித்தப்பா: எந்த பார்வேர்டு

மதுரை அத்தை: நான்தான் போட்டேன். வாக்கிங் குரூப்ல வந்துச்சு. 2000 ரூபாய்க்கு மேல போன்ல பணம் அனுப்புனா ஜிஎஸ்டின்னு. அண்ணனுக்கு தெரியட்டும்னு போட்டேன், தப்பா

பேங்க் மாமா: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போட்டிருக்கலாம்

மதுரை அத்தை: பக்கத்து சேர்ல உக்காந்துக்கிட்டு அதை குரூப்லதான் சொல்லணுமா

பிரியா பெங்களூர்: அம்மா அது பொய்ம்மா. ஏப்ரல்லயே நிதி அமைச்சகம் அப்படி எதுவும் இல்லன்னு சொல்லியாச்சு. ஆனா கடை மாமா பயப்படுறதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கு. இங்க கர்நாடகால யுபிஐல வந்த வரவ பார்த்து சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பிட்டாங்க. எங்க தெரு காய்கறிக் கடைலயே "யுபிஐ இல்ல, கேஷ் மட்டும்"னு அட்டை தொங்குது

திருப்பூர் சித்தப்பா: அட

பெரியப்பா கடை: 🎤 குரல் பதிவு (2:14)

திருப்பூர் சித்தப்பா: பஸ்ல இருக்கேன், சத்தத்துல ஒண்ணும் கேக்கல. யாராச்சும் என்னன்னு சொல்லுங்க

ராஜா: சித்தப்பா, பெரியப்பா என்ன சொல்றாருன்னா, தாத்தா காலத்துல இருந்து தராசும் நோட்டும் வச்சு யாவாரம் பண்ணுன கடை, சர்க்கார் ஆளு வந்தா எடை முத்திரை பார்க்கத்தான் வந்திருக்கான், யாவாரத்தை எட்டிப் பார்க்க வந்ததில்ல, இப்ப ஒரு பெட்டிய வச்சு இவ்வளவு வந்துச்சு அவ்வளவு வந்துச்சுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துது, நாளைக்கு நோட்டீஸ் வந்தா யாரு ஆபீஸ் ஆபீஸா அலையுறது, மகன் கார்த்தி ஓசூர்ல இருக்கான், எனக்கு 71 வயசு, அதனால இனிமே காசு மட்டுந்தான்னு சொல்றாரு. கடைசில ஆச்சி ஏதோ கேக்குறாக, சரியா கேக்கல

செல்வி மதினி: அந்தப் பொண்ணு காலைல இருந்து பேசவே இல்லையே, மேலுக்கு முடியலையான்னு கேட்டாக. சவுண்ட் பாக்ஸ சொல்றாக

பிரியா பெங்களூர்: ஆச்சி ❤️

அம்மா: இது முடிஞ்சதும் சங்கரன்கோவில் தபசு திருவிழாவுக்கு வேன் பேசணும். எத்தன பேரு வர்றீங்கன்னு சொல்லுங்கப்பா

மதுரை அத்தை: நாங்க ரெண்டு பேரு

காலை 10:25

பேங்க் மாமா: மச்சானுக்கும் மத்தவங்களுக்கும் சேர்த்து விளக்கமா எழுதுறேன், பொறுமையா படிங்க. முதல்ல, யுபிஐல பணம் வாங்குறதுக்குன்னு தனியா எந்த வரியும் கிடையாது. கடைக்காரர்கிட்ட கமிஷன் பிடிக்கிறதும் 2020 ஜனவரியில இருந்து இல்ல, சவுண்ட் பாக்ஸ் மாச வாடகை வேற கணக்கு. ரெண்டாவது, ஜிஎஸ்டி பார்க்கிறது வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு வித்தோம்ங்கறத. காசா வந்ததும் அதுல சேரும், போன்ல வந்ததும் சேரும். பொருள் விக்கிற கடைக்கு நம்ம தமிழ்நாட்டுல 40 லட்சம் எல்லை, அதைத் தாண்டுனா பதிவு பண்ணணும். ஸ்டிக்கரைக் கிழிச்சா வியாபாரம் கண்ணுக்குத் தெரியாமப் போகுமே தவிர குறையாது. அப்படி மறைக்கிறதுதான் ஆபத்து. மூணாவது, இது நிறைய பேருக்குத் தெரியாது, சின்ன வியாபாரி வருமான வரியில லாபத்தை உத்தேசமா காட்டுறப்போ காசா வந்த வரவுக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டணும், பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம் காட்டுனா போதும். அதனால போன்ல வாங்குறதுதான் மச்சானுக்கு நல்லது

ராஜா: 8, 6 இப்பத்தான் தெரியும் மாமா

பெரியப்பா கடை: மாப்ள நீங்க பேங்க் ஆளு. அப்படித்தான் சொல்லுவீக

மதுரை அத்தை: அண்ணன் சொல்றது சரிதான். 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுன்னு சொன்னப்ப அம்மா மிளகா வத்தல் டப்பாக்குள்ள இருந்து 23 ஆயிரம் எடுத்தாகளே, அதை மாத்த மதுரைக்கு கூட்டிட்டு வந்தா, சொந்த மாமியாவ வரிசைல நிக்க வச்ச மனுசன் இவரு

பேங்க் மாமா: வாசல்ல 300 பேரு நின்னாங்க. அதுல கைப்புள்ளைக்காரி இருந்தா, ஆஸ்பத்திரிக்கு பணம் கட்ட வந்தவன் இருந்தான். என் மாமியாருன்னு நான் முன்னால விட முடியுமா. சேர் போட்டுக் குடுத்தேன், அதை மட்டும் சொல்ல மாட்டேங்குறியே

திருப்பூர் சித்தப்பா: அந்த 23 ஆயிரத்துல என் எஸ்டிடி பூத் காசும் இருக்கும்

பிரியா பெங்களூர்: எஸ்டிடி பூத் எனக்கு ஞாபகம் இருக்கு, கண்ணாடிக் கதவு, உள்ள சின்ன ஃபேன், சிவப்பு நம்பர் ஓடும்

திருப்பூர் சித்தப்பா: 96ல நான் போட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல பேசுனா ரேட்டு கம்மி, அதுக்குன்னு சாப்பிட்டுட்டு வந்து தெருவே வாசல்ல உக்காந்திருக்கும். அண்ணன் அப்பவே இது நிலைக்காதுன்னு சொன்னாரு. அதுல அவரு சொன்னதுதான் நடந்துச்சு, செல்போன் வந்து ரெண்டே வருசத்துல தூசி படிஞ்சு போச்சு. ஆனா பூத்தை எடுத்துட்டு கம்ப்யூட்டர் பில் போடுவோம்னு 2003ல நான் சொன்னப்ப என்ன சொன்னாரு. பருப்பு நிறுக்க கம்ப்யூட்டர் எதுக்குடான்னாரு. அன்னைக்கு போட்டிருந்தா இன்னைக்கு கணக்கு கைல இருக்கும், எந்த நோட்டீசுக்கும் பயப்பட வேண்டாம். நானும் திருப்பூர் போயிருக்க மாட்டேன்

பெரியப்பா கடை: பழசு எதுக்கு

காலை 11:10

செல்வி மதினி: நாலு பேரு திரும்பிப் போயிட்டாக. ஒரு பொண்ணு 340 ரூபாய்க்கு சாமான் எடுத்து பில் போட்டப்புறம் கைல காசு இல்ல. ஏடிஎம்முக்கு எங்க போக, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகணும். நோட்டுல எழுதிக்கிட்டு குடுத்துவிட்டேன். இப்ப தீப்பெட்டி ஆபீஸ்லயே பாதிப் பேருக்கு சம்பளம் பேங்க்லதான் ஏறுது, முன்ன மாதிரி கவர்ல இல்ல

அம்மா: மெயின் ரோட்டுல புதுசா சூப்பர் மார்க்கெட் வந்திருக்கே, எல்லாம் அங்கிட்டு போயிரும்

செல்வி மதினி: அதான் சித்தி என் பயமே. அங்க ஏசி. வீட்டுக்கு கொண்டு வந்து குடுக்குறாக. நம்மகிட்ட இருக்கது ரெண்டுதான். கால் கிலோ அம்பது கிராம்னு கேட்டாலும் நிறுத்துக் குடுப்போம், சனிக்கிழமை வரைக்கும் கடன் குடுப்போம். இதுல ஸ்கேன் பண்றதும் இல்லன்னா சின்னப் புள்ளைக கூட வராது

பேங்க் மாமா: செல்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்? தெரிஞ்சா சொல்லும்மா

செல்வி மதினி: சாதா நாள் 9 ஆயிரம் போல. சனிக்கிழமை 20 வரும்

பேங்க் மாமா: சனிக்கிழமை 52, அதுல 10 லட்சத்து 40 ஆயிரம். மத்த நாள் 313, அதுல 28 லட்சத்து 17 ஆயிரம். மொத்தம் 38 லட்சத்து 57 ஆயிரம் வருது. 40க்கு ஒட்டி நிக்குது. தீபாவளி பொங்கல் யாவாரம் சேர்ந்தா தாண்டிரும்

ராஜா: ஐயோ

பேங்க் மாமா: ஐயோன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. காம்போசிஷன்னு ஒரு முறை இருக்கு, ஒன்றரைக் கோடி வரைக்கும் விக்கிற சின்ன கடைக்கு. வரி போடுற சாமான் வித்ததுல மட்டும் 1 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டணும். மூட்டைல இருந்து நிறுத்துப் போடுற அரிசி பருப்புக்கு வரியே கிடையாது. பாதி சாமான்தான் வரிக்குள்ள வருதுன்னு வச்சா 20 லட்சத்துக்கு வருஷம் 20 ஆயிரம். அதை வாடிக்கைக்காரங்ககிட்ட வசூல் பண்ணக்கூடாது, நம்ம கைல இருந்துதான் கட்டணும்

பெரியப்பா கடை: 20 ஆயிரமா

பெரியப்பா கடை: ரெண்டு மாச கரண்டு பில்லு

பேங்க் மாமா: அது இருக்கட்டும் மச்சான், அதைவிட முக்கியமா ஒண்ணு. அந்த கியூஆர் யார் பேர்ல இருக்கு?

செல்வி மதினி: அவுக பேர்ல

ராஜா: கார்த்தி அண்ணனா

செல்வி மதினி: ஆமா. 2019ல மாமாட்ட பட்டன் போன்தான் இருந்துச்சு. அதனால அவுக சம்பள கணக்குலயே போட்டோம்

திருப்பூர் சித்தப்பா: கடை வரவு கார்த்தி கணக்குக்கா போகுது? ஆறு வருசமாவா? எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்

மதுரை அத்தை: எனக்கும்

11:32

அம்மா: வேனுக்கு இதுவரைக்கும் ரெண்டு பேருதான் சொல்லிருக்கீங்க

திருப்பூர் சித்தப்பா: மதினி வேன் இருக்கட்டும். நான் தப்பா ஒண்ணும் கேக்கல. கடை இன்னும் அப்பா பேர்லதான் கிடக்கு, பாகம் பிரிக்கல. பாடுபடுறது அண்ணனும் செல்வியும், அதுல எனக்கு பைசா வேண்டாம். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்

பகல் 1:05

கார்த்தி அண்ணன்: ஷிப்ட்ல போன் உள்ள விட மாட்டாங்க. இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். சித்தப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்படியே அப்பா கணக்குக்கு திருப்பி அனுப்பிடுவேன். ஆறு வருச ஸ்டேட்மெண்டும் இருக்கு, உங்களுக்கு தனியா அனுப்புறேன். போன வருசம் வீட்டு லோன் கேட்டப்ப பேங்க்ல இது என்ன பணம்னு என்னையும் கேட்டாங்க, பதில் சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு. எனக்கே இது வேண்டாம்

திருப்பூர் சித்தப்பா: உன்ன நம்பாமயாடா. ஸ்டேட்மெண்ட் எல்லாம் வேண்டாம்

திருப்பூர் சித்தப்பா: சரி அனுப்பு, சும்மா பார்க்கேன்

பேங்க் மாமா: நோட்டீஸ் வர்றதே இந்த மாதிரி இடத்துலதான். சம்பளமும் கடை வரவும் ஒரே கணக்குல கலந்து கிடந்தா பார்க்கிறவனுக்கு எது எதுன்னு எப்படி தெரியும். மச்சான் பேர்ல, இல்லன்னா கடை பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து புது கியூஆர் வாங்கணும். பழச எடுத்ததுகூட ஒரு வகைல நல்லதுதான். ஆனா செல்வி, அவசரத்துக்கு உன் போன்ல வாங்கிடாத, திரும்ப அதே கதைதான்

செல்வி மதினி: காலைல இருந்து 600 ரூபாய் வாங்கிட்டேனே

பேங்க் மாமா: நோட்டுல தனியா எழுதி வை

பெரியப்பா கடை: 🎤 குரல் பதிவு (0:48)

ராஜா: சித்தப்பாவுக்காக: பொங்கல் அப்ப ஒருத்தன் போலி ஸ்கிரீன்ஷாட்ட காட்டி 1850 ரூபாய்க்கு சாமான் தூக்கிட்டுப் போனானே, அன்னைக்கும் நீங்க யாரும் வரல, இன்னைக்கு ஆளாளுக்கு யோசனை சொல்றீங்க, எனக்கு கண்ணுல புரை, போன்ல வர்ற எழுத்து தெரியாது, அந்தப் பெட்டி சத்தம் போட்டாதான் பணம் வந்துச்சுன்னே தெரியும், அதையும் புடுங்கிட்டு இப்ப சில்லறைக்கு தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன். இதான் சொன்னாரு

மதுரை அத்தை: அண்ணே

திருப்பூர் சித்தப்பா: புரைக்கு எப்ப ஆபரேசன் பண்ணப் போறீக? போன வருசமே சொன்னோம்

பெரியப்பா கடை: தீபாவளி முடியட்டும்

திருப்பூர் சித்தப்பா: போன தீபாவளிக்கும் இதத்தான் சொன்னீக. திங்கக்கிழமை நான் கோவில்பட்டி வர்றேன். பேங்க்குக்கும் கண்ணாஸ்பத்திரிக்கும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போறேன்

பேங்க் மாமா: பான் கார்டு, ஆதார், ரெண்டு போட்டோ, கடை பேர்ல உத்யம் சர்டிபிகேட்

செல்வி மதினி: உத்யம்னா

பேங்க் மாமா: சின்ன தொழில் பண்றவங்களுக்கான அரசாங்கப் பதிவு. ஆன்லைன்ல எடுக்கலாம், பணம் கட்ட வேண்டியதில்ல. ராஜா எடுத்துக் குடுப்பான்

ராஜா: நானா

பெரியப்பா கடை: தம்பி திங்கக்கிழமை எண்ணெய் லோடு வருது. செவ்வாய் பார்ப்போம்

திருப்பூர் சித்தப்பா: செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு போக மாட்டீகளே

பெரியப்பா கடை: புதன்

கார்த்தி அண்ணன்: அப்பா இன்னைக்கு ஒரு நாள் பழைய கியூஆரே இருக்கட்டும்ப்பா. சாயங்காலம் கூட்டம் வரும். இன்னைக்கு வர்றத இன்னைக்கே உங்க கணக்குக்கு போட்டுறேன்

பெரியப்பா கடை: ஸ்டிக்கர் கிழிஞ்சிருச்சு

கார்த்தி அண்ணன்: ஆப்ல படமா இருக்கும். அனுப்புறேன். ராஜா பிரிண்ட் எடுத்துக் குடுத்துருடா

ராஜா: சரிண்ணே. 10 ரூபா

அம்மா: டேய்

மாலை 5:20

செல்வி மதினி: பிரிண்ட் வந்துருச்சு. மாமா இன்னும் சரின்னு சொல்லல. காப்பி குடிக்க உள்ள போயிருக்காக. பெட்டிக்கு பிளக்க போட்டுட்டேன். வாசல்ல ஆளு நிக்காக, அப்புறமா பேசுறேன்

பிரியா பெங்களூர்: ஆச்சி என்ன சொன்னாங்க

அம்மா: செல்வி வேனுக்கு உங்க வீட்ல எத்தன பேரு