வல்லுநர்கள் தொண்டு செய்ய முன்வருகிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது?

கொட்டாஞ்சேனைச் செயலாளர்:
அனைவருக்கும் வணக்கம். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத வளர்ந்தவர்களுக்கு ஞாயிறு மாலைகளில் வகுப்பு நடத்தும் சிறிய அமைப்பொன்றின் செயலாளர் நான். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்காக மலையகத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்ட பெண்களும், புறக்கோட்டையில் சுமை தூக்கும் ஆண்களும் எங்களிடம் படிக்கிறார்கள். அண்மையில் கணக்காளர் ஒருவரும், வங்கி அலுவலர் ஒருவரும், மென்பொருள் பொறியியலாளர் ஒருவரும் வாரத்தில் இரண்டு மணித்தியாலம் உதவ முன்வந்துள்ளார்கள். மூவரும் கற்பிக்கவே விரும்புகிறார்கள். ஆனால், எங்களிடம் கற்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள், கணக்கெழுத ஆளில்லை. கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கையைக் காட்ட முடியாததால் கடந்த வருடம் ஓர் உதவித்தொகையை இழந்தோம். அவர்களுடைய மனம் நோகாமல் இதை எப்படிக் கேட்பது?

ஓய்வுபெற்ற கணக்காளர், வெள்ளவத்தை:
தயங்காமல் கேளுங்கள். முப்பது வருடங்கள் பழகிய தொழிலை ஒரு நல்ல காரியத்துக்காகச் செய்யுங்கள் என்று கேட்டால் யாரும் வருந்தமாட்டார்கள். பொதுப்படையாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்பதுதான் அவர்களைத் திகைக்க வைக்கும். வரவு செலவைப் பதியும் காசேடு ஒன்றைத் தொடங்குவது, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டை இலக்கமிட்டுக் கோப்பிலிடுவது, மாத முடிவில் காசேட்டை வங்கிக் கூற்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது, காசோலைக்கு இருவர் கையொப்பமிடும் ஒழுங்கை ஏற்படுத்துவது ஆகிய நான்கையும் நான்கு மாதங்களில் முடித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே போன்றதொரு அமைப்பில் எல்லாக் கணக்கையும் நானே எழுதினேன். வேலை நிமித்தம் ஒரு வருடம் வெளிநாடு சென்று திரும்பியபோது, நான் புறப்பட்ட மாதத்தோடு காசேடு நின்றிருந்தது. அது அவர்களுடைய தவறன்று, யாருக்கும் கற்றுக்கொடுக்காத என் தவறு. அடுத்த முறை பேனாவை நான் தொடவில்லை. பொருளாளருக்கு உதவியாக இருந்த தங்கை எழுத, நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். வேகம் பாதியாகக் குறைந்தாலும் அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. கணக்கை எழுத உதவியவரையே கணக்காய்வுக்கு அமர்த்த வேண்டாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்ச் 31இல் நிதியாண்டை முடிக்கும் நிறுவனங்கள் இங்கே பல என்பதால், அதையொட்டிய வாரங்களில் கணக்காளர்களிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

வளர்ந்தோர் வகுப்பு ஆசிரியை:
ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் வல்லுநர்களை வகுப்பறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மாணவிகளில் பலர் வருவது 247 எழுத்துகளையும் ஒப்பிப்பதற்காக அல்ல. தங்கள் பெயரை எழுதவும், பணத்தை வைப்பிலிடும் படிவத்தை யாருடைய தயவும் இல்லாமல் நிரப்பவும், பிள்ளையின் கிளினிக் அட்டையில் அடுத்த திகதியைப் படிக்கவும் வருகிறார்கள். வங்கி அலுவலர் உண்மையான படிவங்களோடு ஒரே ஒரு மாலை வந்தால், அது எனது மூன்று வாரப் பாடத்துக்கு ஈடாகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். வாழ்க்கைக்கு உடனே பயன்படும் ஒன்று எழுத்தோடு சேரும்போது வருகை குறைவதில்லை என்பதை நானும் என் வகுப்பில் கண்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: வருகிறவர் வளர்ந்தவர்களிடம் குழந்தைகளிடம் பேசுவது போலப் பேசக்கூடாது. முதலில் இரண்டு வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைச் செயலாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வைப்புப் படிவப் பாடத்தை அடுத்த மாதமே வைக்கிறோம். பொறியியலாளர் எங்களுக்கென ஒரு செயலியை உருவாக்கித் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா?

மென்பொருள் துறையில் இருப்பவர்:
இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. உருவாக்குவது எளிது, அவர் வேறு நாட்டுக்குப் போன பிறகு அதைப் பழுதுபார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய திறமையை வேறு விதமாகக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 10 வயதுக்கு மேற்பட்டோரின் எழுத்தறிவு 95.7 சதவீதம். அந்த எண்ணைப் பார்க்கும் நன்கொடையாளர், இங்கே இப்படியொரு வகுப்பு எதற்கு என்று கேட்பது இயல்பு. அதற்கு விடை சொல்லக்கூடியவை உங்கள் மாணவர்களைப் பற்றிய குறிப்புகள் மட்டுமே: சேர்ந்த நாளில் பெயர் எழுதத் தெரிந்ததா, பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்ததா, ஆறு மாதம் கழித்து எப்படி, இடையில் நின்றவர் ஏன் நின்றார். ஒரு தாளில் அடங்கும் பதிவுப் படிவத்தையும், அதைச் சேர்த்துப் பார்க்க எளிய விரிதாளையும் (எக்செல் போன்ற கணினி அட்டவணை) அவர் அமைத்துத் தரட்டும். அடையாள அட்டை இலக்கம், எசமானர் வீட்டு முகவரி போன்ற தேவையற்ற விவரங்களை வாங்கவே வேண்டாம்; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புறமிருக்க, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த விவரம் வெளியே போனால் வேலையே போகலாம். படிவத்தை முதலில் ஐந்து மாணவர்களிடம் நிரப்பிப் பார்த்து, அவர்களுக்குச் சங்கடமான கேள்விகளை நீக்கிவிட்டு அச்சிடுங்கள்.