கொடைக்கானல் ஏரிக்கரையில் காரிலேயே ராத்தங்கல்: சரிப்படுமா?

வில்லியனூரான்: பொங்கல் லீவுக்கு நாலு பேர், ஒரு எர்டிகா. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல். ரூம் போடப் போறதில்லை. ஒரு ராத்திரி பேரிஜம் ஏரிக்கரை, அடுத்தது மன்னவனூர் ஏரிக்கரை. பின்சீட்டை மடக்கிப் படுக்கை, ஏரித் தண்ணில பாத்திரம் கழுவல், கேஸ் அடுப்புல சாப்பாடு. சீசன் வாடகையை அழுவுறதுக்கு இது எவ்வளவோ மேல். மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

சில்வர்பீச்: பேரிஜம்லேயே உங்க திட்டம் படுத்துடுச்சு. அது வனத்துறை காடு. காலைல கொடைக்கானல்ல அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போய், சாயங்காலத்துக்குள்ள செக்போஸ்ட்டைத் தாண்டி வெளியே வந்துடணும். ராத்தங்க இடமே கிடையாது. பாத்திரம் கழுவறேன்னு சொல்றீங்களே, பெரியகுளத்துக்குக் குடிதண்ணி அந்த ஏரியிலிருந்துதான் போகுது. மன்னவனூர் ஏரியும் வனத்துறை கையில்தான், பகல்ல பரிசல் ஓட்டுறதோட சரி. 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேற இருக்கு, பிஒய் நம்பர் (புதுச்சேரிப் பதிவு) வண்டியானாலும் எடுத்தாகணும்.

வில்லியனூரான்: சரி, ஏரிக்கரை வேணாம். ரோட்டோரம் அகலமா ஒரு இடம் பார்த்து நிறுத்திக்கிறேன். அதை யார் தடுக்கப் போறா?

சில்வர்பீச்: காட்டுமாடு தடுக்கும். கொடைக்கானல்ல அது பஜார் வரைக்கும் வருது. சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வெச்சா பன்னியும் சேர்ந்துக்கும். வளைவுல நிறுத்தினா பனிமூட்டத்துல வர்ற காய்கறி லாரிக்கு உங்க வண்டி தெரியாது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பட்டா நிலத்துல வீடு வெச்சு வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. வாசல்ல வண்டியை நிறுத்தி, உள்ளேயே படுத்துக்கறோம், கக்கூஸ் மட்டும் வேணும்னு போன்லயே பேசிடுங்க. ரூம் வாடகையைவிடக் குறைச்சலாத்தான் கேட்பாங்க.

முத்தியால்பேட்டை மெக்கானிக்: இடத்துச் சண்டை இருக்கட்டும், வண்டிக்கு வாங்க. எர்டிகாவுல ரெண்டு வரிசையையும் மடக்கினா நீட்டிப் படுக்க ரெண்டு பேருக்குத்தான் இடம். மடக்கின சீட்டு சமமாவும் இருக்காது, முன்னாடி மேடு தட்டும். முன்சீட்டை நல்லா முன்னுக்குத் தள்ளி, இடையில் விழுற பள்ளத்துல துணிமூட்டை வெச்சு, மேல 12 எம்எம் ஒட்டுப்பலகை, அதுக்கு மேல ஃபோம் பாய். காத்து மெத்தை வேணாம். உள்ளே இருக்கிற காத்து குளிர்ந்தா அடியிலிருந்து முதுகுச் சூட்டை இழுக்கும். மத்த ரெண்டு பேருக்குக் கூடாரம்தான்.

கண்ணாடியை முழுசா ஏத்திட்டுத் தூங்காதீங்க. மூச்சுல வர்ற ஈரம் கண்ணாடியில் படிஞ்சு, விடிகாலை கூரையிலிருந்து சொட்டும். போர்வை நனைஞ்சா அப்புறம் குளிர் விடாது. முன்பக்கம் இடது, பின்பக்கம் வலதுன்னு எதிரெதிரா ரெண்டு விரல் இறக்கி, கொசுவலைத் துணியை மாட்டுங்க. குளிருதேன்னு இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடுறது, உள்ளே கேஸ் அடுப்போ கரியடுப்போ வைக்கிறது, ரெண்டும் வேணவே வேணாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை; தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும்.

நெய்வேலி கரி: மேலே ஏறினா டயர்ல காத்தைக் குறைக்கணும்னு சொல்றாங்களே, நிஜமா?

முத்தியால்பேட்டை மெக்கானிக்: வேலையத்த வேலை. 2,100 மீட்டர்ல வெளிக்காத்தோட அழுத்தம் குறையுறதால கேஜ் 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். புதுச்சேரி 32 டிகிரியிலிருந்து அங்கே 10 டிகிரிக்கு இறங்கறதால அதே அளவு குறையும். ரெண்டும் கழிஞ்சுடும். இங்கே 33 போட்டா அங்கே காலைலயும் கிட்டத்தட்ட 33தான். காத்தைப் பிடுங்கிட்டு இறங்கினீங்கன்னா சமவெளி வெயில்ல ஹைவேயில் டயர் சூடேறும். கவனம் வெக்க வேண்டியது பிரேக்குல. இறங்கறப்ப ரெண்டாவது கியர், தேவைப்பட்டா முதல். மிதிச்சுக்கிட்டே இறங்கினா கருகல் வாடை வரும், அப்புறம் பெடல் உள்ளே போகும். வாடை வந்ததுமே ஓரமா நிறுத்தி ஆறவிடுங்க. சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சுடும்.

வில்லியனூரான்: சிலிண்டர் கேன் அடுப்பு வெளியேதான் வைப்பேன். அதுல என்ன பிரச்சனை?

சில்வர்பீச்: பூட்டேன் கேனா இருந்தா விடிகாலைல சுணங்கும். 5, 6 டிகிரியில் உள்ளே ஆவியாகிற வேகம் குறைஞ்சு தீ மெழுகுவத்தி மாதிரி நிக்கும். புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்க. இல்லாட்டி கேனை ராத்திரி போர்வைக்குள்ள வெச்சிருந்து எடுங்க. தீயில காட்டிடாதீங்க! அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிக்கே கொதிக்கும், திறந்த பாத்திரத்துல பருப்பு வேகாது. 3 லிட்டர் குக்கர் எடுத்துக்குங்க. தண்ணிக்கு 20 லிட்டர் கேன் ஒண்ணு. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை இருக்கு.

நெய்வேலி கரி: தண்ணி பாட்டிலை விடுங்க, பாண்டிச்சேரி 'பாட்டிலுக்கு' என்ன பண்றதாம்?

சில்வர்பீச்: எல்லையைத் தாண்டினாலே கேஸு. பிஒய் நம்பரைப் பார்த்தா டிக்கியைத் திறக்கச் சொல்லாம விடுவாங்களா?

வில்லியனூரான்: பேரிஜம் பகல்ல மட்டும், ஒத்துக்கறேன். ஆனா ரூம் போட மாட்டேன், அதுல மாத்தமில்லை. பூம்பாறையில் வாசல் பேசிப் பாக்கறேன். கூடாரத்தை ஓடைக்கரையில் போடலாமா, மேட்டுல போடலாமா?

முத்தியால்பேட்டை மெக்கானிக்: மேட்டுலதான். குளிர்ந்த காத்து கனம், ராத்திரி பள்ளத்துல வந்து தேங்கும். தை மாசத்துல உறைபனி முதல்ல படியறது ஓடைக்கரைப் புல்லுலதான். வண்டியைக் காத்து வர்ற பக்கம் குறுக்கால நிறுத்தி, மறைவுல கூடாரம் அடிங்க. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாம முதல் கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க.