சீசன் தொடக்கப் பயிற்சியில் மனதை விட்டுப் போகாத ஒன்று: உங்களுடையதையும் சொல்லுங்கோ

கிரவல்வாத்தி:
மழை விட்டு இரண்டாம் கிழமை. எங்கள் பள்ளிக்கூட மவுண்டன் பைக் அணியைப் பலருக்குத் தெரியும். பதினொரு பிள்ளைகள், எல்லாம் பழைய ஜப்பான் சைக்கிள், அரைவாசிக்குக் கியர் மாறாது. மலையில்லாத வன்னியில் என்ன மவுண்டன் பைக் என்று கேட்பவர்கள் ஒருநாள் குளக்கட்டில் மிதித்து ஏறிப் பார்க்கட்டும். சரி, விஷயத்துக்கு வாறேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். மணலோ உதிரிக் கிரவலோ வந்தால் பிறேக்கைத் தொடாதே, முழங்கையைத் தளர்த்து, கண்ணைத் தூரத்தில் வை, மிதித்துக்கொண்டே போ. சனிக்கிழமை மணிக்கூட்டில் நேரம் பார்த்து ஒவ்வொருவராக ஓடவிட்டேன். கட்டு முடிந்து கொங்கிறீற் வீதிக்கு இறங்கும் வளைவில் ஒரு அம்மா நெல் காயப் போட்டிருந்தா. முதல் நாள் அங்கே நெல் இல்லை. முன்னால் வந்த பெடியன் கண்டான், ஆனால் பிறேக் பிடிக்கவில்லை. முழங்கை தளர்வாக, பார்வை தூரத்தில், நான் சொன்னபடியே நெல்லின் நடுவால் கோடு கீறினாற்போல் போனான்.

அம்மா ஏசவில்லை. தும்புத்தடியை எடுத்து அந்தக் கோட்டை மூடினா. அடுத்தவனும் அப்படியே போனான். திரும்பவும் மூடினா. ஐந்தாவது தரம் அவ மூடும்போதுதான் நான் விசில் ஊதினேன். அதுவரை ஏன் ஊதவில்லை? கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று பேரின் நேரமும் நல்லாயிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

குளத்தடியான்:
பெடியன் செய்தது சரி சேர். காய்ந்த நெல்லில் பிறேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதோடு வீதி என்ன அவவின் முற்றமா? போன வருஷம் ஒருவர் நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்தார். நெல்லை அள்ளிக்கொண்டு போனார், கல்லை விட்டுவிட்டார். இரவு என் மச்சான் மோட்டார் சைக்கிளோடு விழுந்து முன்பல் இரண்டும் போனது. எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்தக் கல் வரிசைதான். என்ன ஒழுங்காக அடுக்கியிருந்தார் மனுசன்!

வயற்காரி:
குளத்தடியான் அண்ணை, வீதி முற்றமில்லைதான். நெல்லைக் காயப்போட எங்களுக்குத் தளம் எங்கே இருக்கு, அதைச் சொல்லுங்கோ. நெற் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் கேட்கும். மெசின் வெட்டின நெல் ஈரத்தோடேயே சாக்குக்குள் வரும். வயலடிக்கு வாற வியாபாரி கையை விட்டுப் பார்த்து "ஈரம் அக்கா" என்று விலையை இறக்குவார். இரண்டு வெயில் காய்ந்தால் அந்த வாயை மூடலாம், அதற்குத்தான் வீதி.

வாத்தியார், பிறகு அந்த அம்மாவிடம் போய்க் கதைச்சீங்களா? அதைச் சொல்லாமல் விட்டிட்டீங்கள்.

ஒட்டுப்பெட்டி:
நெல்லை விடுங்கோ. எங்கள் அணியில் நடந்தது இது. மாங்குளம் பக்கம், காட்டோரப் பாதை. ஒரு பெடியன் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒதுங்கப் பற்றைக்குள் போனான். போனவன் வரவில்லை. எட்டிப் பார்த்தால் சிலைபோல நிற்கிறான். நான் "ஓடிவா, வெயில் ஏறுது" என்று கத்துகிறேன். அவன் ஓடவில்லை. குனிந்து பார்த்து, தன் காலடித் தடத்திலேயே காலை வைத்து, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வந்தான். பாதைக்கு வந்த பிறகுதான் கையை நீட்டிக் காட்டினான். கொடிக்குள் சாய்ந்து கிடந்தது சிவப்புப் பலகை, மண்டையோடு பாதி அழிந்திருந்தது.

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன். பள்ளிக்கூடத்தில் மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பில் சொன்னதை மறக்கவில்லை. யுத்தத்துக்குள்ளேயே வளர்ந்த நான்தான் ஓடிவா என்றேன்.

பழைய டைனமோ:
யுத்த நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். செய்தி முடியும்வரை நான் கையால் பெடலைச் சுற்ற வேணும், நிறுத்தினால் அப்பா ஏசுவார். அதைவிடப் பெரிய சீசன் பயிற்சி ஒன்றும் இல்லைத் தம்பிமார்.

கலிபோர்னியாத் தம்பி:
லீவில் வந்து அண்ணாவின் மகனுடைய அணியோடு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் ஒருநாள் போனேன். ஒரு மணித்தியாலத்தில் மூன்று பஞ்சர், உடைமுள். என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் சொல்லவேணும். இங்கே அமெரிக்காவில் 2001ல் ஒரு கணித ஆசிரியர் வட கலிபோர்னியாவில் தொடங்கின உயர்நிலைப்பள்ளி மவுண்டன் பைக் லீக்கிலிருந்துதான் 2009ல் நைக்கா என்ற தேசிய அமைப்பே உருவானது. நான் இங்கே ஒரு அணிக்கு உதவிப் பயிற்சியாளர். முதல் கிழமைகளில் நாங்கள் நேரம் பார்ப்பதே இல்லை. பிள்ளை மிதித்துக்கொண்டே முழு வசனம் கதைக்க முடிகிறதா, அதுதான் வேக அளவு. மூச்சு வாங்கினால் குறைக்கவேணும். பெரியவர் ஒருவர் முன்னுக்கு, ஒருவர் கடைசியில், கடைசி ஆளைத் தாண்டி எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது. மணலுக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் ரியூப் போட்ட சில்லில் அளவுக்கு மிஞ்சி இறக்கினால் கல்லில் அடிபட்டு ரிம்மில் நசிந்து இரட்டைக் கீறல் விழும். அது முள்ளுப் பஞ்சர் இல்லை, இரண்டு ஒட்டு வேணும். தண்ணியைத் தாகம் வரும்வரை வைத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கோ, தேசிக்காயும் உப்பும் போட்டு. தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. வாத்தி அண்ணை குறை நினைக்க வேண்டாம், இரண்டாவது கிழமையிலேயே மணிக்கூட்டோடு நின்றதுதான் பிழை.

ஒட்டுப்பெட்டி:
தம்பி, பதினொரு பிள்ளைக்கு ஒரு வாத்தி. அவர் முன்னுக்குப் போறதா, பின்னுக்குப் போறதா? எங்களிடம் பத்துப் பேருக்கு ஆறு தலைக்கவசம். மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஓடுகிறார்கள். தேசிக்காய் விலையும் கேட்டுப் பாருங்கோ.

குளத்தடியான்:
முத்தையன்கட்டுக்கு வெள்ளாப்பிலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, யானை நிற்கும்.

கிரவல்வாத்தி:
வயற்காரி அக்கா கேட்டதற்கு: இல்லை, கதைக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் போக வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் கேட்போம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கட்டின் மேலிருந்தே தெரிந்தது. நெல்லை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஓரத்தில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குக் கூட்டிவிட்டிருந்தா. அவ வேலியடியில் குந்தியிருந்தா. நான் பிள்ளைகளைக் கட்டின் நடுவிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுஆள்:
26 இஞ்சி ரியூப் கிளிநொச்சியில் எங்கே மலிவு? ஆறு வேணும்.