ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்: ஊர் நேரமே போதும்

கடலூர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மாசி மகத்துக்கு முன்னால், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் நாமெல்லாம் சேர்ந்து ஒரு காணொளிக் கூட்டம் போட வேண்டும் என்று நம் தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். நேரம் குறிப்பதில்தான் இழுபறி. என் கோரிக்கை ஒன்றுதான்: ஊர் நேரத்தை, அதாவது இந்திய நேரத்தை, மட்டும் போடுங்கள். ‘கனடா நேரம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இந்த நாட்டுக்கு ஆறு நேரம். டொராண்டோக்காரர்கள் சொல்லும் நேரத்தோடு நான் ஒன்றரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து தீவில், பொனவிஸ்டா என்ற மீன்பிடி ஊரில். ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான். கடலூர் முதுநகரில் நாலைந்து தெருவுக்குள் அடங்கிவிடும். ஆனால் கடிகார விஷயத்தில் நமக்குச் சொந்தக்காரர்கள். நாம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், இவர்கள் மூன்றரை மணி பின்னால். இரண்டு அரையும் சேர்ந்து முழுசாகிவிடுவதால் குளிர்காலத்தில் சரியாக ஒன்பது மணி வித்தியாசம். 1949 வரை இந்தத் தீவு கனடாவோடு சேரவில்லை. தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குச் சூரியன் எப்போது உச்சிக்கு வருகிறதோ, அதை ஒட்டி நேரம் வைத்துக்கொண்டார்கள். 1963-ல் பக்கத்து மாகாணங்களின் நேரத்துக்கு மாற்ற அரசு முயன்றபோது ஜனங்கள் போட்ட சத்தத்தில் அது அப்படியே நின்றுபோனது. (நம் பக்கமும் 1906-க்கு முன்னால் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. இப்போதைய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்னால்.)

மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், வித்தியாசம் எட்டாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி ஒன்பது. “கடையை ஒரு மணி முன்னாடி தொறந்தா போதாதா, அதுக்கு ஏன் கடியாரத்தைத் திருவுறாங்க?” என்று அம்மா கேட்பார். ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஆறு மணியைச் சுற்றியே எழுந்து, ஆறு மணியைச் சுற்றியே படுத்துக்கொள்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்டால் நியாயமான கேள்விதான். இங்கே டிசம்பரில் விடியவே ஏழே முக்கால் ஆகும், மாலை நாலு தாண்டியதும் இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும்.

கடல் காலண்டர் இன்னும் வேடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நம் விசைப்படகுகள் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கும். அதே ஏப்ரலில்தான் இங்கே பனி விலகி, நண்டுக்குப் போகிறார்கள். நம் தடைக்காலத்துக்குச் சலித்துக்கொள்பவர்கள் இவர்கள் கதையைக் கேட்க வேண்டும். காட் மீன் வற்றிப்போய் 1992 ஜூலையில் கனடா மத்திய அரசு அந்த மீன்பிடிப்பையே மூடியது. இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் மூடினார்கள். முழுசாகத் திறக்க 2024 ஆகிவிட்டது. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வரும் பெரியவர்கள் பலர் அந்தத் தலைமுறை. ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்து கடலைப் பற்றித்தான் பேசுவார்கள். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையால் நம் ஊரில் நடக்கும் சண்டையைச் சொன்னால் பாதியிலேயே புரிந்துகொள்கிறார்கள்.

ஜூன் கடைசியில், ஜூலையில் கேப்லின் வரும். நெத்திலியைவிட நீளமான மீன். பச்சை முதுகு, வெள்ளி வயிறு. முட்டையிடக் கரைக்கே வந்துவிடும். அலை பின்வாங்கியதும் கூழாங்கல் மேல் ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டு கிடக்கும். வாளியும் வீச்சு வலையுமாக ஊரே கரையில் நிற்கும். வலை வீசுகிற கை லாகவம் நம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்த்ததேதான். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். கருவாடேதான், ஆனால் குழம்பு வைக்கத் தெரியாது, அப்படியே சுட்டுத் தின்றுவிடுகிறார்கள். புளியும் சின்ன வெங்காயமும் போட்டு நான் வைத்த குழம்பை ருசி பார்த்த பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம்தான், வேறொன்றுமில்லை.

இங்கே கிடைக்காதது நம் தை மாத ஆற்றுத் திருவிழா. பனிக்கட்டி மேல் உட்கார்ந்து, அங்கே விற்கும் சுருளிக்கிழங்கை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஞாயிறு மாலை ஊர் நேரம் 5 மணி என்று வைத்தால் துபாய்க்கு 3.30, சிங்கப்பூருக்கு 7.30, லண்டனுக்குக் காலை 11.30, எனக்கு 8. டொராண்டோவுக்கு 6.30, எழுந்துகொள்ளட்டும். 7 மணி என்று சிலர் கேட்கிறீர்கள், அப்போது சிட்னி அக்காவுக்கு நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும். கலிஃபோர்னியாத் தம்பிக்கு 5 மணி வைத்தால் விடிகாலை மூன்றரை. அவர் பதிவைப் பார்த்துக்கொள்ளட்டும், போன முறை வந்தும் தூங்கித்தான் வழிந்தார்.

அன்னதானக் கணக்கைப் பொருளாளர் முந்தின நாளே அனுப்பிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.