வாயை மட்டும் அசைத்த பையன்: இசை ஆசிரியர் பயிற்சி அனுபவங்கள்

தஞ்சைத் தம்பூரா:
இசை ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள் எழுதுங்கள். மேடையில் பாடத் தெரிந்தவருக்கு வகுப்பில் பாடச் சொல்லித்தருவது எப்படி இருந்தது? உங்களை மாற்றிய ஒரு பிள்ளையைப் பற்றியோ, ஒரு நாளைப் பற்றியோ சொன்னால் போதும்.

ஐயாற்றுப் பெண்:
நான் திருவையாற்றில் மூன்று வருடம் குரலிசை படித்தேன். அதன்மேல் ஒரு வருடம் இசை ஆசிரியர் பயிற்சி. அந்த வருடத்தில் வகுப்பெடுத்துப் பழகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது கும்பகோணம் சாலையில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு, 42 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு பீரியட், 45 நிமிடம். அதிலும் வருகைப்பதிவு, தண்ணீர் குடிக்கப் போய் வருவது எல்லாம் போக முப்பது தேறினால் பெரிது.

முதல் நாள் எனக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே ஆரம்பித்தேன். சுருதிப் பெட்டியில் என்னுடைய ஐந்தரைக் கட்டையை (ஆதார ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்) வைத்துவிட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் முதல் பாடம். இரண்டாவது ஸ்வரத்திலேயே வகுப்பு கலைந்துவிட்டது. ச-வுக்கு ஒட்டினாற்போல் நிற்கவேண்டிய ரி, அதாவது சுத்த ரிஷபம், 42 வாயில் 42 இடத்தில் நின்றது. வருடக்கணக்கில் தினமும் பாட உட்காருகிற பிள்ளைக்கு அது சரியான அடித்தளம்தான். வாரம் முப்பது நிமிடம் பாடுகிற பிள்ளைக்கு அதுவே தடுப்புச் சுவராகிவிடுகிறது. என்னை மேற்பார்வை செய்த ஆசிரியை அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "மோகனத்துல ஆரம்பி. நெருக்கமான ஸ்வரமே இல்லை, கூட்டமா நிக்கும்" என்றார். ம-வும் நி-யும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம். அடுத்த வாரம் மோகனத்தில் ச ரி க மட்டும் எடுத்தேன். வகுப்பு சேர்ந்து நின்றது.

ஆனால் நான் எழுத வந்தது இன்னொன்று. மூன்றாவது வரிசையில் ஓர் உயரமான பையன். எல்லாரும் பாடும்போது வாய் சரியாக அசையும், சத்தம் மட்டும் வராது. பக்கத்தில் போய் நின்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. "ஏம்ப்பா பாடல?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "போன வருசம் ஆண்டு விழாவுக்கு என்னைய வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க மிஸ். நான் பாடுனா பாட்டே கெட்டுருதாம்."

குரல் உடைகிற வயது. நான் படித்த நான்கு வருடத்தில் ஆண்பிள்ளைக்குக் குரல் மாறும்போது என்ன செய்வது என்று யாரையும் கேட்டதில்லை. எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தனியாகப் பாடச் சொன்னேன். மேல் ச-வுக்குக் குரல் போகவில்லை, கிரீச்சிட்டு நின்றது. சரி, ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடு என்றால் கீழேயும் குரல் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அம்மா எழுந்து வந்து அவனிடம் பாட்டைப் பற்றியே பேசவில்லை. "தம்பி, நீ எந்த பஸ்ஸுல வர்ற? கண்டக்டர் எப்படிக் கூப்பிடுவார், சொல்லு பார்ப்போம்" என்றார். பையன் தயங்கிவிட்டு, "கபிஸ்தலம், சாமிமலை, கும்மோணம்..." என்று கூவினான். கடைசி 'ணம்' நீண்டு ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. அம்மா ஹார்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டைகளை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றில் விரலை வைத்தார். ஆறு கட்டை. குரல் அப்படியே அதில் பொருந்தியது. அதே இடத்தில் 'ம்' என்று இழுக்கச் சொன்னார். இழுத்தான். அங்கிருந்து ரி, க. கீழே ஒரு த. நான்கு ஸ்வரம் சுத்தமாக இருந்தது அவனிடம்.

என் பக்கம் திரும்பி, "இனிமே இந்த வகுப்புக்கு ஆறு கட்டை. உனக்கு அரைக் கட்டை ஏறும், பொறுத்துக்க. இது உன் கச்சேரி இல்லை" என்றார்.

அந்தப் பையனையும் அவனைப் போலக் குரல் உடைந்திருந்த வேறு நான்கு பேரையும் ஒரு பக்கமாக நிறுத்தினோம். மற்றவர்கள் பாடப் பாட இவர்கள் ஐந்து பேரும் ஆதார ச-வை 'ஆ' என்று பிடிக்கவேண்டும், மூச்சு தீர்ந்தவன் விட்டு எடுக்கலாம். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டேன். ஐந்து பையன்கள் சுருதி, 37 பேர் பாட்டு. சேர்ந்திசை என்ற சொல்லைத் தேர்வுக்கு எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

பொறையாறு ஆல்ட்டோ:
படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள் நான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கம். ஜெர்மன் மெட்டிலேயே ஞானப்பாட்டு, நம் ராகத்தில் கீர்த்தனை, இரண்டும் ஒரே ஆராதனையில் பாடுவோம். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல் பிரித்துப் பாடுவதால் குரல் உடைகிற பையனுக்கு எங்கேயாவது ஓர் இடம் கிடைத்துவிடும். ஆனால் அதையே பள்ளிக்குக் கொண்டுபோனபோது எனக்குக் கைகூடவில்லை. இரண்டு குரல் பிரித்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லாரும் சத்தமான பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் செய்ததுபோல் ஒரு பக்கம் ஒரே ஸ்வரத்தில் நிற்பதுதான் முதல் படி என்று இப்போது புரிகிறது. அடுத்த படி எனக்குச் சுற்றுப்பாட்டில் கிடைத்தது: ஒரே பாட்டை ஒரு வரி தள்ளி இரண்டாவது குழு தொடங்குவது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம்.

ஆச்சாமரம்:
நான் நாதசுரக்காரன். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்களே, அதில் ஒருவன். மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேலை நிரந்தரமாகவில்லை. அந்த வேதனை தனி.

வாத்தியம் பற்றி ஒன்று சொல்கிறேன். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டார்கள், கொண்டுபோனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் விரல் பாரி என்கிற நீளமான நாதசுரத்தின் துளைகளை மூடப் போதவில்லை. ஊதுகிற நாணல் நாக்கான சீவாளியை வாயில் வைத்தால் காற்றுதான் வந்தது. அதனால் நான் வாத்தியத்தைக் கையில் கொடுப்பதில்லை, வாய்க்குத்தான் முதலில் வேலை. எங்கள் வழக்கமும் அதுதான், பாடி மனசில் ஏறாததை ஊதமுடியாது. தமிழ்த்தாய் வாழ்த்து மூன்றன் நடை. 'தகிட தகிட' என்று தொடையில் தட்டிக்கொண்டே சொல்லவைத்துவிட்டுத்தான் பாட்டுக்குப் போவேன். நடை கைக்கு வந்தால் பிள்ளைகள் பாட்டை ஓட்டிக்கொண்டு போவதில்லை.

தஞ்சைத் தம்பூரா:
ஐயாற்றுப் பெண், அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

ஐயாற்றுப் பெண்:
2021 டிசம்பர் அரசாணையில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பதிவு போடாமல் வாயால் பாடவேண்டும், 55 வினாடியில் முடிக்கவேண்டும் என்று வந்தது அல்லவா. அதுவரை அந்தப் பள்ளி பிரேயரில் ஸ்பீக்கர்தான் பாடிக்கொண்டிருந்தது. என் பயிற்சியின் கடைசி வாரம் எட்டாம் வகுப்பைப் பாட நிறுத்தினார்கள். அதுவும் மோகனம்தானே, அதனால் அந்த ஐந்து பேரும் ச-வை விடவேயில்லை. முதல் நாள் 70 வினாடி ஆனது, வெள்ளிக்கிழமை 58.

போன தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக் கூட்டத்தில் அவனைப் பார்த்தேன். அவன்தான் என்னைக் கண்டுபிடித்து, "மிஸ்" என்றான். குரல் நன்றாக இறங்கிவிட்டது. அந்தச் சந்தடியிலும் அவன் பேசப் பேச எந்தக் கட்டை என்று காது தேடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை.