எம்.எஸ்சி. படித்துக்கொண்டே என்ன வேலை பார்க்கலாம்? (நாகர்கோவில், குலசேகரம் பக்கம்)

ரப்பர்காட்டுப்பெண்:
வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு. கல்லூரி நாகர்கோவிலில், வீடு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, பெய்கிற நாளில் வெட்டு கிடையாது, அப்புறம் தை மாசியில் இலை உதிரும்போது அதுவும் நின்றுவிடும். ஃபீஸை அண்ணன் எப்படியோ கட்டிவிட்டான். பஸ், ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு இதையாவது நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், மாதம் 3,000 வந்தால் போதும். வீடு சேர ஆறு மணி ஆகிவிடும். கன்னியாகுமரியில் ஃபேன்சி கடைகளுக்கு சீசனில் ஆள் எடுப்பார்கள் என்கிறாள் தோழி. டெலிகிராமில் ஒரு டைப்பிங் வேலையும் வந்தது, முதலில் 1,500 ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

வடசேரி_வாசி:
கட்டாதே. வேலை கொடுக்கிறவன்தான் பணம் தர வேண்டும், நம்மிடம் கேட்டால் அது வேலையே இல்லை. நான் பி.ஜி. படிக்கும்போது இதேபோல் ஒன்றில் விழுந்தேன். முதல் நாள் வீடியோவுக்கு லைக் போட்டதற்கு 150 ரூபாய் உண்மையாகவே அக்கவுண்டுக்கு வந்தது, அதை நம்பி 2,000 கட்டினேன், அடுத்து 5,000 கட்டினால்தான் முந்தைய பணம் வெளியே வரும் என்றான். அத்தோடு சரி. பணம் போனால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியாது, நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் முழித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வகையும் உண்டு: 'உன் அக்கவுண்டுக்குப் பணம் வரும், வேறொருவருக்கு அனுப்பிவிடு, கமிஷன் தருகிறோம்' என்பார்கள். அது திருட்டுப் பணம். அக்கவுண்ட் முடங்கும், போலீஸ் வீட்டுக்கு வரும். அந்தப் பக்கமே போகாதே.

கடலோரக்கடை:
மக்கா, ஃபேன்சி கடை வேலை பற்றி நான் சொல்லலாம், இரண்டு சீசன் நின்றிருக்கிறேன். சங்கு, சிப்பி மாலை, கலர் மணல் பொட்டலம் விற்பதுதான். மலையாளமும் கொஞ்சம் இந்தியும் பேசினால் முதலாளிக்குப் பிடிக்கும். ஆனால் கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்ப சாமிகள் மாலை போடுவதில் ஆரம்பித்து தை பிறக்கும் வரை கூட்டம், உங்கள் செமஸ்டர் பரீட்சையும் அதே நவம்பரில்தான் வரும். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு ஜனம் கடைக்குள் நுழையும் நேரம்தான் வியாபாரமே, அதனால் ஏழு மணிக்கெல்லாம் விடமாட்டார்கள். அதற்கப்புறம் குலசேகரத்துக்கு எந்த பஸ்ஸைப் பிடிப்பாய்? கன்னியாகுமரியிலேயே வீடு இருக்கிற பையன்களுக்கு இது சரி. உனக்கு ஏப்ரல் மே லீவில் மட்டும், அதுவும் பகல் நேரம் என்று பேசி வாங்கினால் பார்க்கலாம்.

தக்கலை_டீச்சர்:
கணிதம் படித்துக்கொண்டு டியூஷனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யோசிக்கிறாயே! பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இல்லாமலா இருக்கும்? பத்துப் பேரைச் சேர்க்காதே, கூட்டம் சேர்ந்தால் பாதி நேரம் சத்தம் அடக்கவே போய்விடும். ஆளுக்கு 600 என்று ஐந்து பேர் போதும், நீ கேட்ட தொகை வந்துவிடும். மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பணம் என்று முதல் நாளே சொல்லிவிடு. தெரிந்தவர்கள்தானே என்று சும்மா இருந்தால் மூன்று மாதம் கழித்து வாழைக்குலை கொண்டுவந்து தருவார்கள். (எனக்கு நடந்தது. குலை நல்ல குலைதான், ஆனால் பஸ்ஸில் கண்டக்டரிடம் அதையா கொடுக்க முடியும்?)

நம் ஊரில் வீட்டுக்கு வீடு யாராவது கல்ஃபில் இருக்கிறார்களே, அவர்கள் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் எடுத்துப் பார். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி, கத்தார் இரண்டரை மணி நேரம். நீ ஏழு மணிக்கு உட்கார்ந்தால் துபாய் பிள்ளைக்கு மாலை ஐந்தரை, பள்ளி விட்டு வந்து பால் குடித்து முடித்திருக்கும். அங்கே பெரும்பாலும் சி.பி.எஸ்.இ., அந்தப் புத்தகத்தை என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆராய்ச்சி_அண்ணன்:
டியூஷன் நல்லதுதான், ஆனால் வாரம் முழுக்க நிரப்பிவிடாதே. இரண்டாம் ஆண்டில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாம், எம்.எஸ்சி. முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பி.எச்டி.யில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 (2023 ஜனவரி முதல் இந்தத் தொகை). அப்போது வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது, பார்க்க அவசியமும் இருக்காது. நான் இரண்டு வருடம் தினம் இரவு பத்து வரை டியூஷன் எடுத்து, லீனியர் ஆல்ஜீப்ராவைத் தூக்கத்தில் படித்து, முதல் தடவை கோட்டை விட்டேன்.

ரப்பர்காட்டுப்பெண்:
டெலிகிராம் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஷார்ஜாவில் இருக்கும் மாமியிடம் அம்மா நேற்றே போனில் பேசிவிட்டாள். ஆறாம் வகுப்புப் பையன், பின்னம் என்றாலே அழுகிறானாம். வாரம் நான்கு நாள், சனிக்கிழமை இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகள். டீச்சர் அக்கா, சொந்தக்காரர்களிடம் ஃபீஸ் எப்படிக் கேட்பது?

தக்கலை_டீச்சர்:
நீ கேட்காதே. அம்மாவைக் கேட்கச் சொல்.