எம்.சி.பி. இருந்தும் கிணற்று மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) கருகியது ஏன்?

களக்காட்டு வாழை விவசாயி:
எங்கள் ஏத்தன் வாழைத் தோட்டத்துக் கிணற்றில் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் இருக்கிறது. சென்ற வாரம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு முனையில் மின்சாரம் நின்றுவிட்டது. மோட்டார் உறுமிக்கொண்டே ஓடியதை யாரும் கவனிக்காததால் காயில் கருகிவிட்டது. பெட்டியில் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயும் (மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்தும் கருவி) இருந்தும் இரண்டுமே ஏன் ட்ரிப் ஆகவில்லை? மோட்டார் காயில் கட்டித் திரும்பி வருவதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்:
அண்ணாச்சி, எம்.சி.பி.யின் மேல் பழி போட வேண்டாம். 1890-இல் எடிசன் காப்புரிமை பெற்ற பியூஸ் கட்டையானாலும், 1924-இல் ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் காப்புரிமை பெற்ற எம்.சி.பி.யானாலும், முதன்மையாகக் காப்பது வயரைத்தான். எம்.சி.பி.க்குள் இருக்கும் காந்தச் சுருள் ஷார்ட் சர்க்யூட்டை நொடிப்பொழுதில் துண்டிக்கும். மெல்ல ஏறும் சூட்டுக்கு ஈருலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் 32 ஆம்பியர் தகடு 36 ஆம்பியரையே ஒரு மணி நேரம் தாங்கக்கூடியது.

உங்கள் மோட்டார் முழுச்சுமையில் இழுப்பது சுமார் 7.5 ஆம்பியர். ஒரு முனை போனால் மற்ற இரண்டிலும் அது ஏறத்தாழ 1.73 மடங்காகி 13 ஆம்பியரைத் தொடும். ஜூலின் விதிப்படி சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த முனைகளின் காயிலில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்கு. எம்.சி.பி.க்கு 13 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அதைப் பிடிக்க வேண்டியது ரிலே. அதன் டயல் எந்த எண்ணில் இருக்கிறது?

களக்காட்டு வாழை விவசாயி:
12-இல் இருக்கிறது, ஐயா. முன்பிருந்த 6 முதல் 10 ஆம்பியர் வரையிலான ரிலே கோடையில் அடிக்கடி விழுந்ததால் (ட்ரிப் ஆனதால்), மின்பணியாளர் 9 முதல் 15 வரையுள்ள வேறொன்றைப் பூட்டிக் கொடுத்தார். அதன்பின் ஒரு நாளும் விழவில்லை என்று மகிழ்ந்திருந்தோம்.

சேரன்மகாதேவி, காயில் கட்டுபவர்:
விழாததுதான் கோளாறு. 12-இல் வைத்த ரிலேக்கு 13 ஆம்பியர் என்பது எட்டு விழுக்காடு மிகுதி மட்டுமே. இருபது விழுக்காடு மிகுந்தால்தான் அது விழுந்தே ஆக வேண்டும், அதற்கும் இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 7.5-இல் வைத்திருந்தால் சில நிமிடங்களில் விழுந்திருக்கும். இப்படி வரும் மோட்டாரைப் பிரித்தவுடனே, யாரையும் கேட்காமலே காரணம் தெரிந்துவிடும்: ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு முனைகளின் சுருள்கள் கறுத்து வார்னிஷ் உதிர்ந்திருக்கும், மூன்றாவது நேற்றுக் கட்டியது போலப் பளபளக்கும்.

பழைய ரிலே கோடையில் விழுந்ததற்குக் காரணம் வேறு. வெளிவெப்பத்தை ஈடுசெய்யாத வகையாக இருந்து, பெட்டியில் வெயிலும் பட்டால், ரிலேக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு பாதி வளைந்தே நிற்கும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் இன்னும் சிறிது சூடு ஏறினாலே போதும், விழுந்துவிடும். வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் கூடுதலாக இழுக்கும். பெட்டி எங்கே இருக்கிறது?

களக்காட்டு வாழை விவசாயி:
பம்ப்செட் அறையின் மேற்குச் சுவரில், வெளிப்புறத்தில். பிற்பகலில் மூடியில் கை வைக்க முடியாது. அறைக்குள் மாற்றச் சொல்லிவிட்டேன். பழைய ரிலே உரமூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதைத் துடைத்துப் பூட்டி டயலை 7.5-இல் வைக்கிறோம். கூடவே, ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஒன்றை வாங்கி வர மருமகன் டவுனுக்குப் போயிருக்கிறார்.